வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் கையை எங்கே வைப்பது?

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூத்தவன் ஆகஸ்டில் டெக்சாஸ் போகிறான், டாலஸ் பக்கம் எம்.எஸ். படிக்க. மூன்று பேரோடு சேர்ந்து வீடு பேசி முடித்தாயிற்று. நேற்று வீடியோ காலில் கூட இருக்கப்போகிறவர்களைக் காட்டினான். இரண்டு பேர் ஆந்திரப் பிள்ளைகள். இன்னொருவன் அந்த ஊர்ப் பையன், வெள்ளைக்காரன், மரியாதையாகத்தான் பேசுகிறான். பேச்சுவாக்கில் தன்னிடம் ஒரு பிஸ்டல் இருக்கிறது என்றான். இங்கே ஒருவன் "என்கிட்ட புல்லட் வண்டி இருக்கு" என்று சொல்வானே, அந்த மாதிரி.

நான் தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். பயிர்ப் பாதுகாப்புக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி கேட்டு வரும் மனுக்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். வி.ஏ.ஓ. அறிக்கை, ஆர்.ஐ. அறிக்கை, போலீஸ் விசாரணை, அப்புறம் கலெக்டர். லைசென்ஸ் கிடைத்த பிறகும், தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். "காட்டுப்பன்றி எலெக்‌ஷன் தேதி பார்த்தா சார் கடலைக்காட்டுக்குள்ள இறங்குது?" என்று ஒரு சம்சாரி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. துப்பாக்கி என்பது சர்க்கார் பார்த்துக் கொடுப்பது, சர்க்கார் நினைத்தால் வாங்கிக்கொள்வது என்றே பழகிவிட்டேன். இருபத்திரண்டு வயதுப் பையன் அலமாரியில் அது இருக்கும் என்பது மனதில் ஏறவில்லை.

இன்னொன்று போலீஸ். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. மகன் போனதும் பழைய கார் ஒன்று வாங்குவானாம். போலீஸ் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டெக்சாஸ்வாசி எழுதியது:

அண்ணாச்சி, எனக்குக் கோவில்பட்டி. இங்கே வந்து 19 வருடம் ஆகிறது, சான் அன்டோனியோவுக்கு மேற்கே.

முதலில் அவசரமான விஷயம். பையன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருவான். அந்த விசாவிலும் எச்-1பி என்ற வேலை விசாவிலும் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் விலக்கு, வேறு சில விலக்குகளும் உண்டு. படிக்க வந்த பிள்ளைக்கு அந்த வம்பு வேண்டாம். "சும்மா பிடிச்சுப் பாரு, வார இறுதியில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போலாம்" என்று கூப்பிடுவார்கள், போட்டோவும் எடுத்துப் போடுவார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் கார். பின்னால் சிவப்பும் நீலமுமாக மின்னினால் வலப்பக்கம் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து உட்கார வேண்டும். இரவென்றால் உள்விளக்கைப் போட வேண்டும். இறங்கவே கூடாது. இதுதான் நம் ஆட்களுக்கு வராது. நம்மூரில் இறங்கிப் போய் "சார்" என்று நின்றால்தான் மரியாதை, உள்ளேயே உட்கார்ந்திருந்தால் திமிர். இங்கே கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாலே போலீஸ்காரர் கை இடுப்புக்குப் போகும். லைசென்ஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் கை போக வேண்டும்.

ஒருமுறை என் மாமனார் முன்சீட்டில் இருந்தார். வேகம் கூடிவிட்டது, நிறுத்தினார்கள். போலீஸ் வருகிறாரே, வெறுங்காலோடு இருக்கிறோமே என்று அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடினார். அவ்வளவுதான். அதுவரை "குட் ஈவினிங்" சொல்லிக்கொண்டு வந்த குரல் மாறிவிட்டது. "கையைக் காட்டு, கையைக் காட்டு" என்று கத்தல். மாமனாருக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. நான் தமிழில் கத்தினேன். நிமிர்ந்தார், கையில் ஒரு பேட்டா செருப்பு. அந்தப் போலீஸ்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், அவர் முகமும் வெளுத்திருந்தது.

இவ்வளவும் சொல்கிற என்னிடமே இரண்டு துப்பாக்கி இருக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கியது. ஊருக்கு வெளியே வீடு. ஒருநாள் இரவு யாரோ பின்கதவை உடைக்கப் பார்த்தபோது 911 என்ற அவசர எண்ணை அழைத்தோம். ஆள் வந்து சேர 35 நிமிடம். அவர்களைக் குறை சொல்லவில்லை, தூரம் அப்படி. அந்த 35 நிமிடத்தை அனுபவித்தவர்கள் மட்டும் என்னிடம் வாதாட வாருங்கள்.

நியூஜெர்சி நித்திலம் எழுதியது:

சரி, நான் வருகிறேன். அந்த 35 நிமிடம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது வேறு.

போன நவராத்திரிக்கு அம்மா வந்திருந்தார். என் இரண்டாம் வகுப்பு மகளும் பாட்டியும் கண்ணாமூச்சி ஆடினார்கள். பாட்டி கதவுக்குப் பின்னால் ஒளிந்ததும் இவள் கையைப் பிடித்து இழுத்துவந்து, "பாட்டி, கதவுகிட்ட நிக்கக் கூடாது. ஜன்னல்ல இருந்து தெரியாத மூலையில உக்காரணும். போனை சைலண்ட்ல போடு" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு, எவ்வளவு கெட்டிக்காரி என்று. இது எங்கே கற்றுக்கொண்டது என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பள்ளியில் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தால் என்ன செய்வது என்று எல்.கே.ஜி. வயதிலிருந்தே ஒத்திகை நடத்துகிறார்கள்.

டெக்சாஸ் அண்ணா, உங்கள் மாமனார் செருப்பைத் தேடியபோது அந்த இளைஞர் ஏன் பயந்தார் என்று யோசித்தீர்களா? சீட்டுக்கு அடியில் துப்பாக்கி இருக்க இந்த நாட்டில் எல்லா வாய்ப்பும் இருப்பதால்தான். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் துப்பாக்கி உள்ள ஒரே நாடு இது. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018இல் போட்ட மதிப்பீடு 39 கோடியே 30 லட்சம், நூறு பேருக்கு 120. உங்கள் அலமாரியில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

புதுமுகம் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். காலில் சுட்டுப் பிடித்தால் போதாதா? ஏன் நெஞ்சிலேயே சுடுகிறார்கள்?

பழையபேப்பர் எழுதியது:

புதுமுகம், இந்தக் கேள்வியை அங்கே ஒரு போலீஸ்காரரிடம் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அவர்கள் பயிற்சியில் 'காலில் சுடு' என்பதே கிடையாது. உடலின் நடுவில், எதிராளி செயலிழக்கும்வரை சுடு என்பதுதான் பாடம். ஓடுகிற கால் சின்ன இலக்கு, தவறினால் குண்டு வேறு எவர் மேலாவது பாயும், தொடையில் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது, பட்டால் சில நிமிடத்தில் ஆள் போய்விடுவார். சட்டத்திலும் எங்கே சுட்டாலும் அது உயிர்போக்கும் பலம்தான். உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் துப்பாக்கியை எடுக்கவே கூடாது, எடுத்தால் பாதி அளவு கிடையாது.

அப்படிச் சுட்டது சரியா என்று பார்க்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் ஓர் அளவுகோல் வைத்தது. பின்னால் உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பது செல்லாது, அந்த நொடியில் அங்கே நின்ற நியாயமான ஒரு போலீஸ்காரரின் கண்ணில் எப்படித் தெரிந்திருக்கும் என்பதே கேள்வி. அவர் பயந்தது நியாயமா என்று ஜூரி பார்க்கிறது. தெருவெல்லாம் துப்பாக்கி இருக்கும் நாட்டில் பயப்பட்டது நியாயமில்லை என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? பெரும்பாலான வழக்குகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

வைகைக்கரை எழுதியது:

காலில் சுட்டுப் பிடிப்பதெல்லாம் நம்ம ஊர் ஸ்பெஷாலிட்டி. அப்புறம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு. 2020இல் அங்கே போலீஸ் கொன்ற ஜார்ஜ் ஃபிலாய்டுக்கு இங்கே மெழுகுவத்தி ஏற்றி முடிப்பதற்குள் சாத்தான்குளம் நடந்தது. இதையும் பேசுங்கள்.

நெறியாளர்:

வைகைக்கரை, உங்கள் ஆதங்கம் நியாயமானது. சாத்தான்குளத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள். இங்கே அமெரிக்காவோடு நிற்போம்.

மினியாபொலிஸ்பனி எழுதியது:

கரிசல்காட்டான் ஐயா, நீங்கள் இரண்டு கேள்வியாகக் கேட்டீர்கள், துப்பாக்கி ஒன்று, போலீஸ் ஒன்று. என் ஊரில் அவை ஒரே கேள்வியாக ஆன நாள் ஒன்று உண்டு. 2016 ஜூலை 6.

செயின்ட் பால் நகரப் பள்ளி ஒன்றின் உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர் ஃபிலாண்டோ காஸ்டில். கறுப்பர், வயது 32. துப்பாக்கி எடுத்துச் செல்ல முறையாகப் பெர்மிட் வாங்கியவர். ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சின்ன ஊரில் காரை நிறுத்தினார்கள். பின்விளக்கு எரியவில்லை என்பது சொன்ன காரணம். கொள்ளையில் தேடப்பட்ட ஒருவன் சாயலில் இருந்தார் என்பது மனதில் இருந்த காரணம். அதற்கு முன்பே அவரை நாற்பது தடவைக்கு மேல் இப்படி நிறுத்தியிருக்கிறார்கள், முக்கால்வாசி சின்னச் சின்னப் போக்குவரத்துக் குற்றங்களுக்கு.

டெக்சாஸ்வாசி சொன்ன மாதிரிதான் அவரும் நடந்துகொண்டார். காருக்குள்ளேயே இருந்தார். "சார்" என்றுதான் பேசினார். மினசோட்டா சட்டப்படி கேட்டால்தான் பெர்மிட்டைக் காட்ட வேண்டும், இவர் கேட்காமலே தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முன்கூட்டிச் சொன்னார். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது அதில்தான். "எடுக்காதே" என்றார் ஹெரோனிமோ யானெஸ் என்ற போலீஸ்காரர். "எடுக்கவில்லை" என்றார் காஸ்டில். ஏழு குண்டுகள். பக்கத்தில் தோழி, பின்சீட்டில் தோழியின் நான்கு வயது மகள். தோழி ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டியதை உலகமே பார்த்தது. அதில் அவர் போலீஸ்காரரிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் "சார்" வரும், ஆள் பக்கத்தில் இறந்துகொண்டிருக்கும்போதும்.

அடுத்த ஆண்டு ஜூனில் யானெஸ் விடுதலை. இதில் இன்னொரு முடிச்சு, யானெஸும் வெள்ளைக்காரர் அல்ல, லத்தீனோ. துப்பாக்கி உரிமைக்கு ஊரைக் கூட்டும் என்.ஆர்.ஏ. சங்கம் காஸ்டிலுக்காகப் பெரிதாக வாய் திறக்கவில்லை என்று அதன் உறுப்பினர்களே கோபப்பட்டார்கள்.

என் பிள்ளைக்கு இப்போது 17 வயது, நல்ல கறுப்பு, என்னைப் போல. ஸ்டியரிங்கில் கை வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போதே அது போதாது என்று எனக்குத் தெரியும்.

டெக்சாஸ்வாசி எழுதியது:

இதற்கு நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் கட்சிக்கே உதவும். 2019 அக்டோபர், டாலஸுக்குப் பக்கத்தில் ஃபோர்ட் வொர்த். அட்டாட்டியானா ஜெஃபர்சன், 28 வயதுக் கறுப்பினப் பெண். அதிகாலை இரண்டரை மணி இருக்கும், அக்காள் மகனோடு வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார். கதவு திறந்து கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையில் போலீஸுக்கு போன் செய்தார், அதுவும் அவசரமில்லாத எண்ணுக்கு. வந்தவர்கள் கதவைத் தட்டவில்லை, போலீஸ் என்று சொல்லவில்லை, கொல்லைப்புறம் சுற்றி வந்தார்கள். சத்தம் கேட்டு அந்தப் பெண் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். ஏரன் டீன் என்ற போலீஸ்காரர் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகச் சுட்டார், அந்தப் பெண் இறந்துபோனார்.

அன்றைக்கு என் மனைவி என்னிடம் கேட்டாள், "அந்தப் பின்கதவு ராத்திரி நீங்களும் அதைத்தானே செஞ்சீங்க?" ஆமாம். துப்பாக்கியோடு ஜன்னல் ஓரம்தான் நின்றேன். முதலில் வந்தது டார்ச் வெளிச்சம். அது திருடனா, ஷெரிஃப் ஆளா என்று தெரிய ஐந்து விநாடி ஆனது. டீனுக்கு 2022இல் ஏறக்குறைய 12 வருடத் தண்டனை கிடைத்தது. அபூர்வம்தான்.

ஆனாலும் என் துப்பாக்கியைக் கொடுத்துவிட மாட்டேன். உங்களுக்கு அது முரணாகத் தெரியும். பக்கத்துப் பண்ணைக் கிழவர் தன் பேரனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாளில் ஒரு .22 ரைஃபிள் கொடுத்தார். கொடுத்த அன்று சுட விடவில்லை. கழற்றித் துடைத்து மாட்ட வைத்தார். 'எந்தத் துப்பாக்கியும் குண்டு இருக்கிற துப்பாக்கிதான், சுடப்போகும்வரை விரல் விசையில் படக்கூடாது' என்று நூறு தடவை சொல்ல வைத்தார். ஆயுத பூஜை அன்று என் தாத்தா அரிவாளைக் கழுவிப் பொட்டு வைத்த பக்தி அந்தக் கையில் இருந்தது. அவர்களிடம் போய் 'இது ஆபத்து' என்றால், 'அது எங்களுக்குத் தெரியாதா?' என்பார்கள்.

பழையபேப்பர் எழுதியது:

அந்தக் கிழவரின் பேரனும் அட்டாட்டியானா ஜெஃபர்சனும் படித்தது ஒரே அரசியல் சாசனம்தான். இரண்டாவது திருத்தம் 1791இல் வந்தது, ஒரே வாக்கியம், அதிலும் பாதி ஊர்ப்படையைப் பற்றியது. தனி ஆள் வீட்டில் தற்காப்புக்கு வைத்திருக்கும் உரிமை அதில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல், ஹெல்லர் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். வீட்டுக்கு வெளியிலும் உண்டு என்றது 2022இல். 'காலங்காலமாக இப்படித்தான்' என்று இருதரப்பும் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

யார் கை என்பதைப் பொறுத்துச் சட்டம் எப்படி மாறும் என்பதற்குக் கலிஃபோர்னியா 1967 போதும். ஓக்லண்டில் கறுப்பர்களைப் போலீஸ் நிறுத்தும்போது, கறுப்பர் உரிமைக்குப் போராடிய பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் குண்டு போட்ட துப்பாக்கியோடு சட்டப்படியான தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். போலீஸைக் கண்காணிக்கிறார்களாம். அதைத் தடுக்க மல்ஃபோர்ட் என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். பேந்தர்கள் துப்பாக்கியோடே சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள் போனார்கள். பொது இடத்தில் குண்டு போட்ட துப்பாக்கி கூடாது என்று கையெழுத்துப் போட்ட ஆளுநர் வேறு யாருமல்ல, ரொனால்ட் ரீகன். அன்று என்.ஆர்.ஏ.யும் எதிர்க்கவில்லை.

நியூஜெர்சி நித்திலம் எழுதியது:

டெக்சாஸ் அண்ணா, "போலீஸ் வந்து சேராது, அதனால் வைத்திருக்கிறேன்" என்கிறீர்கள். உங்கள் மாநிலத்திலேயே 2022 மே 24, யுவால்டி ஊர்ப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். போலீஸ் வந்தது. 376 பேர் வந்தார்கள். 77 நிமிடம் தாழ்வாரத்திலும் வெளியிலும் நின்றார்கள். உள்ளே 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் செத்தார்கள்.

டெக்சாஸ்வாசி எழுதியது:

அம்மா, என் வாதத்தையே நீங்கள் சொல்கிறீர்கள்! வந்தும் நின்றார்கள் இல்லையா? அவர்களை நம்பியா நான் என் பிள்ளைகளை விடுவது?

நியூஜெர்சி நித்திலம் எழுதியது:

ஏன் நின்றார்கள் அண்ணா? உள்ளே இருந்தவன் கையில், பதினெட்டு வயது ஆனதும் கடையில் சட்டப்படி வாங்கிய ஏ.ஆர். ரக ரைஃபிள், ராணுவத் துப்பாக்கி மாதிரியானது. அதைக் கண்டு 376 பேர் பயந்தார்கள். செருப்பைத் தேடிய தாத்தாவைக் கண்டும் பயம், ரைஃபிளைக் கண்டும் பயம். தாத்தா பக்கம் பயந்தால் சுடுவார்கள், ரைஃபிள் பக்கம் பயந்தால் நிற்பார்கள்.

டெக்சாஸ்வாசி எழுதியது:

இதற்குப் பதில் நாளை சொல்கிறேன். (இன்றைக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மினியாபொலிஸ்பனி எழுதியது:

காஸ்டில் இறந்த மறுநாள் டாலஸில் கண்டன ஊர்வலம். டெக்சாஸில் துப்பாக்கியை வெளிப்படையாகத் தூக்கிச் செல்லலாம் என்பதால் இருபது முப்பது பேர் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்போது ஒருவன் மறைந்திருந்து சுட்டதில் ஐந்து போலீஸ்காரர்கள் செத்தார்கள். எல்லோரும் ஓடுகிறார்கள், ஓடுகிறவர்கள் சிலர் தோளில் ரைஃபிள். எவன் கொலைகாரன்? ஊர்வலத்தில் வந்த ஓர் அப்பாவியின் படத்தைப் போலீஸே 'சந்தேக நபர்' என்று வெளியிட்டது. அவர் தானாகப் போய் ரைஃபிளை ஒப்படைத்துத் தப்பித்தார். அன்றைய போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன், அவரும் கறுப்பர், இப்படி எல்லோரும் தூக்கிக்கொண்டு வந்தால் நாங்கள் எப்படிப் பிரித்தறிவது என்று வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். போலீஸ்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும் இல்லையா, அதற்காகச் சொன்னேன்.

ஐசியூநர்ஸ் எழுதியது:

இரவுப்பணி முடித்து வந்து இழை முழுவதையும் படித்தேன். யாருமே சொல்லாத ஒன்று.

2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. போலீஸ் சுட்டு இறப்பவர்கள் ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில். வாஷிங்டன் போஸ்ட் 2015இலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்த கணக்கு அது. அவர்களில் மக்கள்தொகை விகிதப்படி கறுப்பர்கள் வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஆயிரம் சின்ன எண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வார்டுக்குத் தலையில் கட்டோடு வருகிறவர்கள் பெரும்பாலும் திருடனாலும் போலீஸாலும் சுடப்பட்டவர்கள் இல்லை.

மாத்திரை விழுங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். காலையில் எழுந்து காபி கேட்பார்கள், அழுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அந்தக் காலை கிடையாது.

கரிசல்காட்டான் ஐயா, எம்.எஸ். படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கடன், ஜிபிஏ, வேலை கிடைக்குமா, விசா முடியுமா என்று ஆயிரம் பாரம். நான்கு பேர் இருக்கும் வீடு. யாருக்காவது ஒரு கெட்ட இரவு வரும். எனவே அந்தப் பையனிடம் கேட்கச் சொல்லுங்கள்: பெட்டியில் பூட்டி வைக்கிறானா, தோட்டா தனியாக இருக்கிறதா, பூட்டின் எண் வேறு யாருக்காவது தெரியுமா. இங்கே இப்படிக் கேட்பது தப்பில்லை. வீட்டில் நாய் கடிக்குமா என்று கேட்பது மாதிரிதான்.

டெக்சாஸ்வாசி எழுதியது:

நர்ஸம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என்னுடையது இரண்டும் பெட்டியில்தான். ஆனால் எண் என் பெரியவனின் பிறந்தநாள். இன்று மாற்றிவிடுகிறேன்.

புதுமுகம் எழுதியது:

ஜப்பான் மாணவன் ஒருவன் வீடு மாறிக் கதவைத் தட்டியதால் சுடப்பட்டதாகப் படித்திருக்கிறேன். நிஜமா?

பழையபேப்பர் எழுதியது:

நிஜம்தான். யோஷிஹிரோ ஹட்டோரி, 16 வயது, லூசியானாவில் பேட்டன் ரூஜ், 1992 அக்டோபர். ஹாலோவீன் விருந்துக்கு வேஷம் கட்டிக்கொண்டு போனவன் வீடு மாறி வேறொரு வாசலில் நின்றான். வீட்டுக்காரர் "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அசையாதே என்று பொருள். பள்ளிக்கூட இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு உறைவது என்றுதானே அர்த்தம்? அவன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான், சுட்டுக் கொன்றுவிட்டார். ஜூரி அவரை விடுவித்தது. பையனின் பெற்றோர் ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்து வாங்கிக்கொண்டுவந்து அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள்.

ஐயா, மகன் வீடு தேடிப் போகும்போது கதவு எண்ணை இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகத் தூக்கமில்லை. இன்று விடியற்காலை மகனிடம் உட்கார்ந்து பேசினேன். ஸ்டியரிங், உள்விளக்கு, செருப்பு, கதவு எண், எல்லாம் சொன்னேன். "அப்பா, நீங்க எஃப்-1 சட்டமெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று சிரித்தான்.

அந்தப் பையனிடமும் கேட்டுவிட்டான். கோபப்படவில்லையாம். கட்டிலுக்கு அடியில் திருகி மாட்டிய பெட்டியை வீடியோவில் காட்டினான். தோட்டா தனி டப்பாவில். அவன் தாத்தா கொடுத்த பிஸ்டலாம். எண்ணைத் தன் தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை என்றான். அப்புறம் அவனே, கேட்டதற்கு நன்றி என்றான். அது எனக்கு ஆச்சரியம்.

மகனின் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அந்த வெள்ளைக்காரப் பையன் நன்றாகச் சமைப்பான் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.